லாரி சீட்டுக்காரரின் ஐஸ் மைதானம்

பரந்தாமன் கனவு காண்பதற்குத் தூங்க வேண்டியதில்லை. தையல் மெஷின் ஓடினால் போதும். குமணன்சாவடி ஜங்ஷனிலிருந்து பெங்களூர் ரோட்டில் நூறடி தள்ளி, லாரிகளுக்குச் சீட் தைக்கும் கடை அவருடையது. வெளியே மெட்ரோ தூண்களுக்கு அடியில் வண்டிகள் ஹாரன் அடித்து ஊரே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஊசி ரெக்சினில் இறங்கி ஏற ஆரம்பித்ததும் அவருக்கு மட்டும் எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். கண் முன்னால் வெள்ளையாக ஒரு பரப்பு விரியும். அதன் கோடியில் வலை கட்டிய ஒரு சின்னக் கம்பிக் கூடு. கூட்டுக்கு முன்னால், பாதத்திலிருந்து தொடை வரை சிவப்பும் மஞ்சளுமான இரண்டு பெரிய திண்டுகளைக் கட்டிக்கொண்டு ஜெபா நிற்பாள்.

அவர் காணும் ஐஸ் மைதானத்தில் சில கோளாறுகள் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அது செம்பரம்பாக்கம் ஏரி அளவுக்குப் பெரியது. கரையில் பனைமரங்கள் நிற்கும். காக்காய்கள் ஐஸ் மேல் நடந்து திரியும். ஒரு ஓரமாகப் பூந்தமல்லி போர்டு போட்ட பஸ் ஒன்று, வழுக்காமல், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஜூஸ் கடையில் மிதக்கும் ஐஸையும் மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸையும் தவிர வேறு ஐஸைப் பார்த்திராத மனிதரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜெபா ஆவடிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஜேம்ஸ் டாங்க் தொழிற்சாலையில் வெல்டர். சக்கர ஷூ மாட்டிக்கொண்டு சிமெண்ட் தரையில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவளை, ஐஸ் மேல் ஆடும் பெண்கள் அணிக்கு ஆள் தேடியவர்கள் பார்த்து, லடாக் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். கோலில் நிற்க ஆளில்லை, நீ நில் என்றார்கள். நிற்பதற்குக் காலில் கட்டும் கவசம் வேண்டும். வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்ட ஜேம்ஸ் நேராகச் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஜெபா நேராகக் குமணன்சாவடிக்கு பஸ் ஏறினாள்.

அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"அண்ணே, இந்த மாதிரி தைக்க முடியுமா?" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

பரந்தாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னாமா இது? மெத்தையைக் கால்ல கட்டிகினு நிக்குறாங்க?"

"ரப்பர் வில்லைண்ணே. பக்னு பேரு. நூறு கிலோமீட்டர் வேகத்துல வரும். அதைக் காலால தடுக்கணும்."

"நூறா? கிருஷ்ணகிரி ரோட்ல நம்ம வண்டிங்களே அவ்ளோ வேகம் போறதில்லியே." அவருக்கு அந்த வேகம் பிடித்துவிட்டது. "லாரி டிரைவர் குந்துற சீட்டு பெங்களூர் வரைக்கும் எல்லாக் குழியும் தாங்குதுமா. ஒரு ரப்பர் வில்லையைத் தாங்காதா?"

தைத்தார். அடர்த்தியான ஃபோம், அதன் மேல் கம்பளி ஃபெல்ட், அதன் மேல் லாரி சீட்டுக்குப் போடும் ரெக்சின், தார்ப்பாய் பெல்ட். கோல்கீப்பர் வில்லையை மறிக்க முழங்காலைத் தரையில் போடுவாளாம். அதற்காகக் கவசத்தின் உள்பக்கம், முட்டி தரையைத் தொடும் இடத்தில், தனியாக ஒரு தடித்த திண்டு. தைத்து முடித்ததும் ஜெபா அதைக் கட்டிக்கொண்டு கடைத் தரையிலேயே முப்பது தடவை முட்டி போட்டு எழுந்து பார்த்தாள். சீட்டுக்குக் காத்திருந்த லாரி டிரைவர்கள், எதற்கென்று தெரியாமலே, "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணினார்கள். அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் டிசம்பரில் முப்பது முட்டி போடாமல் கவசம் கடையை விட்டுப் போகாது.

முதல் வருஷம் பரந்தாமன் ஒரு தப்புப் பண்ணினார். சென்னை வெயிலில் உருகாத பசையாகத் தேடிப் பிடித்து ஒட்டியிருந்தார். குமணன்சாவடிக்காரர் வேறு எதைத் தேடுவார்? லடாக் குளிரில் அந்தப் பசை கண்ணாடியாக உடைந்தது. ரெக்சின் அப்பளமாக நொறுங்கியது. கிழிந்த கவசத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஜெபா தன் முதல் மேட்சில் நின்றாள். பதினாலு கோல் விட்டாள். போனில் அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பரந்தாமன்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் மைத்துனன் கிருபாகரனைப் பிடித்தார். கிருபாகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி இறக்குகிற வேலையில் இருந்தான். "மாமா, அது ஐஸ்கிரீம் வைக்கிற எடம். நீ போனா வெறைச்சிடுவ," என்றான் அவன். பரந்தாமன் மங்கி குல்லா போட்டுக்கொண்டு, மனைவி நாகம்மாவின் சால்வையையும் போர்த்திக்கொண்டு, ஏழெட்டு வகை ரெக்சின் துண்டுகளோடு உள்ளே போனார். கதவு மூடியது. மூச்சு வெள்ளையாக வெளியே வந்து மிதந்தது. ஐஸ்கிரீம் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மோட்டார் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கை மரத்துப் போன பிறகும் அவர் துண்டுகளை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டால், இந்தச் சுவர்களைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டால், அங்கேதான் ஜெபா நிற்கிறாள் என்று தோன்றியது. அவர் மைதானம் பிறந்தது அந்தக் கிடங்கில்தான். எட்டாவது துண்டு உடையவில்லை. அவருக்கு மூன்று நாள் ஜுரம்.

பதினாலு கோல் ஒன்பதாயிற்று, ஒன்பது ஆறாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் அணிக்கு நல்ல கவசம் ஒன்றை இனாமாகக் கொடுத்தபோது, ஜெபா அதை ஜூனியர் பெண்ணிடம் தள்ளிவிட்டு லாரிக் கவசத்தையே கட்டிக்கொண்டாள். ஆறாவது வருஷம் முதல் தடவையாக ஜெயித்தார்கள். நாலுக்கு மூன்று. அன்றைக்கு அவள் மறித்தது மட்டும் முப்பத்தெட்டு. விளையாட்டுப் பக்கத்தில் மூன்று வரி வந்தது, அதிலும் அவள் பேர் ஜீபா என்று இருந்தது. பரந்தாமன் அந்த மூன்று வரியை வெட்டி மெஷின் மேல் ஒட்டினார். அவள் கல்யாணம் செய்துகொண்டு கொரட்டூருக்குக் குடி வந்தாள், அம்பத்தூரில் ஒரு ஐடி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள், ஜனவரி தோறும் சம்பளமில்லாத லீவில் லடாக்குக்கும் அங்கிருந்து வேறு தேசங்களுக்கும் போனாள். ஆபீசில் பாதிப் பேர் அவள் புல்தரையில் ஹாக்கி ஆடுகிறாள் என்றே நினைத்திருந்தார்கள்.

மார்ச்சில் கவசம் ரிப்பேருக்குத் திரும்பி வரும். அதைத் துடைக்கக் கூடாது என்பது பரந்தாமனின் கண்டிப்பு. பக் பட்ட ஒவ்வொரு இடத்திலும் கறுப்பாக ஒரு தேய்மானம் இருக்கும். அதை மேஜையில் கிடத்தி, விரலால் தடவி, ஆட்டம் முழுவதையும் பார்த்துவிடுவார்.

"இன்னாமா, இந்த வருசம் எல்லாம் உன் எடது பக்கமே அட்ச்சிகினு இருந்தாங்க போல?"

"எப்படிண்ணே தெரியும்?"

"தெரியுது."

இந்த வருஷம் மார்ச்சில் கவசம் வந்தபோதும் அப்படித்தான் தடவினார். இடது முட்டித் திண்டு தேய்ந்து ஃபெல்ட் தெரிந்தது. வலது முட்டித் திண்டு, அவர் தைத்து அனுப்பிய பளபளப்பு போகாமல், புத்தம் புதிதாக இருந்தது. ஒரு சீசன் முழுக்க அவள் வலது முழங்காலைத் தரையில் போடவே இல்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. முழங்காலில் என்னவோ ஆகியிருக்கிறது, யாருக்கும் சொல்லாமல் ஒற்றைக் காலால் சமாளித்திருக்கிறாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இடது திண்டை மட்டும் மாற்றித் தைத்து, வாயை மூடிக்கொண்டு கொடுத்து அனுப்பினார். காரணத்தை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் கூச்சப்பட்டார். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டால் அவருடைய மைதானமும் போய்விடும். அதற்கப்புறம் மெஷின் ஓடும்போது வெறும் மெஷின்தான் ஓடும்.

டிசம்பர் முதல் வாரம், மழை விட்ட ஒரு சாயங்காலம், ஜெபா கவசத்தோடு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"அண்ணே, இதுதான் கடைசி. ஜனவரியில போட்டி முடிஞ்சதும் நிறுத்திடறேன். வலது முட்டித் திண்டுக்குள்ள மட்டும் ஆப்பு மாதிரி ஒண்ணு வச்சுக் குடுங்க. முழங்கால் முழுசா மடங்காத மாதிரி. வெளியில இருந்து பாத்தா தெரியக் கூடாது."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

"டீம் டாக்டருக்கு."

பரந்தாமன் கேட்க வேண்டிய இடம் இதுதான். அவர் கேட்டது, "எத்தினி விரல் கனம்?" என்பது மட்டும்.

"இந்தத் தடவை மெடல் வரும்ணே," என்றாள் ஜெபா. அவள் கண்கள் கடைக்கு வெளியே எங்கோ இருந்தன. "நிச்சயமா வரும். பன்னெண்டு வருஷம் அடி வாங்கினது நான். மெடல் வாங்கறப்ப அந்தக் கூட்டுக்கு முன்னாடி நான் நிக்க வேண்டாமா?"

"நிக்கணும்மா," என்றார் பரந்தாமன். மனசார அப்படித்தான் நினைத்தார்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த நாகம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபா போனதும் தூக்கை மேஜையில் டங்கென்று வைத்தாள். "யோவ், அந்தப் பொண்ணு நொண்டிகினு போய் பஸ் ஏறுது. நீ இன்னாய்யா, ஆப்புக்கு அளவு கேட்டுகினு கீற?"

"அவ கால், அவ ஆட்டம். நான் தைக்கிறவன்."

"நல்லா தைப்ப. நாளைக்கு அவ கம்பை ஊணிகினு நடக்க சொல்லோ அதுக்கும் ஒரு உறை தைச்சிக் குடு," என்று சொல்லிவிட்டு நாகம்மா போய்விட்டாள்.

நான்கு நாள் அந்த ஆப்பைத் தைத்தார். கைவேலையாகப் பார்த்தால் அது அழகான வேலை, யார் தடவினாலும் தட்டுப்படாது. ஆனால் மெஷின் ஓடும்போது மைதானம் ஒழுங்காக வர மறுத்தது. வெள்ளை வந்தது, பனைமரம் வந்தது, பஸ் கூட வந்தது. கூட்டுக்கு முன்னால் ஜெபா முட்டி போடுவாள், பிறகு எழுந்திருக்க மாட்டாள். ஆட்டக்காரிகள் அவளைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தியும் நிற்க மாட்டாள். ஐஸின் குளிர் கவசத்தின் வழியாக அவள் காலுக்கு ஏறுவது பரந்தாமனுக்குத் தன் காலிலேயே தெரியும். ஆப்பை எடுத்துவிட்டு வேறு துண்டு வைத்துத் தைத்துப் பார்த்தார். மறுபடியும் அதே இடத்தில் விழுந்து அப்படியே கிடந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபா வந்தாள். கடையில் கிருஷ்ணகிரி டிரைவர்கள் இரண்டு பேரும் நெல்லூர்க்காரர் ஒருவரும் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வழக்கம் தெரியும். "வந்துட்டாங்கடா நம்ம சாம்பியன்," என்று ஸ்டூலைத் தள்ளி இடம் விட்டார்கள். பரந்தாமன் தரையில் காய்ந்த கோணியை விரித்தார். ஜெபா கவசத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதைக் கட்டியதும் எப்போதும் போல இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டாள்.

"ஒண்ணு!" என்றார்கள் டிரைவர்கள்.

முட்டி போட்டு எழுந்தாள்.

"ரெண்டு!"

எழுந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"மூணு!"

எழுந்தாள், கொஞ்சம் தாமதமாக.

"நாலு!"

எழவில்லை. கை மேஜைக் காலைத் தேடிப் பிடித்தது. நெல்லூர்க்காரர் "அஞ்சு" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஹாரன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. மேஜையைப் பிடித்து, இடது காலால் உந்தி, ஒரு வழியாக நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தரை ஈரம்ணே. வழுக்குது," என்றாள். "ஆப்பு சரியா இருக்கு. பேக் பண்ணிக் குடுங்க."

கோணி காய்ந்துதான் இருந்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பரந்தாமன் அவள் வலது காலுக்கு முன்னால் குனிந்து, பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கவசத்தை மேஜையில் கிடத்தினார். ரெக்சின் வெட்டும் கத்தியை எடுத்து, மேலிருந்து கீழ் வரை ஒரே இழுப்பில் கிழித்தார். சிவப்பும் மஞ்சளும் இரண்டாகப் பிரிந்து, உள்ளேயிருந்து ஃபோம் பிதுங்கியது.

"அண்ணே!" ஜெபா பாய்ந்து கவசத்தைப் பிடுங்கினாள். "யாரைக் கேட்டு அறுத்தீங்க? இது என்னுது!"

"உன்னுதுதாம்மா."

"இதுக்கு உங்களுக்கு என்ன உரிமை இருக்கு? ஒரு மேட்ச் பாத்திருக்கீங்களா நீங்க?"

"இல்ல. மார்ச்சு மாசமே பாத்துட்டேன்." அவர் கிழிந்த ரெக்சினைப் புரட்டி வலது முட்டித் திண்டைக் காட்டினார். "இது தேயவே இல்ல. ஒரு சீசன் பூரா நீ இந்தக் காலைப் போடல. அன்னிக்கே சொல்லிருந்தா இந்நேரம் வைத்தியம் பாத்துகினு இருப்ப. நான் வாயை மூடிகினேன்."

"ஏன்?"

"நீ ஆட்டத்தை நிறுத்திட்டா எனக்கு இன்னாமா கீது? லாரி சீட்டு தைச்சா லாரி சீட்டுதான் தெரியும். உன்னுது தைக்க சொல்லோ எனக்கு ஐஸு தெரியும்."

ஜெபா அவரையே பார்த்தாள். "உங்க கனவுக்கு என் காலா?"

"ஆமாம்மா," என்றார் பரந்தாமன்.

அதற்கு மேல் அவளிடம் கோபத்துக்கு வழியில்லாமல் போய்விட்டது. பாதி தைத்த ஒரு லாரி சீட் மேல் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதினாலு கோலுக்கு அழாதவள், முழங்கால் வலிக்கு அழாதவள், ஆபீசில் புல்தரை என்றதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போனவள், மூன்று டிரைவர்கள் முன்னால் விக்கி விக்கி அழுதாள். கிருஷ்ணகிரிக்காரர்கள் டீ குடிக்கப் போவது போல நெல்லூர்க்காரரையும் இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். பரந்தாமன் கையில் இருந்த கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வெகு நேரம் கழித்து அவள் இடது கவசத்தைத் தானே கழற்றினாள்.

"டிஸ்கிட்னு ஒரு பொண்ணு இருக்காண்ணே," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "லே பக்கத்துல ஒரு ஊரு. இருபது வயசு. அந்த வெளிநாட்டுக் கவசத்தை அவளுக்குத்தான் குடுத்தேன். அது இப்ப பத்தல, வளந்துட்டா. மூணு வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்கா, நான் நிக்கறதால."

போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். சிவந்த கன்னங்களோடு ஒரு முகம் திரையில் வந்து, "தீதி!" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டது. ஜெபா இந்தியில் பேசினாள். பரந்தாமனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுபோனதும், அவள் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டியதும், ஜெபா குரலை உயர்த்தி அவளை அடக்கியதும் தெரிந்தன. பிறகு அங்கே போனை ஒரு சுவர் மேல் சாய்த்து வைத்தார்கள். டிஸ்கிட் பின்னால் நகர நகர, அவளுக்குப் பின்னால் இருந்தது தெரிந்தது.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் தரை. பொழுது சாயும் நேரம். இலையில்லாத மரங்கள் வரிசையாக நின்றன. கம்பளிக் கோட் போட்ட ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, வாசல் தெளிப்பவர் மாதிரி, தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதாமா ஐஸு?"

"இதாண்ணே. பொழுது சாஞ்சதும் தண்ணி விட்டு, உறைய விட்டு, அது மேல மறுபடியும் விடுவாங்க. நானும் எத்தனையோ தடவை குழாய் பிடிச்சிருக்கேன்."

"செம்பரம்பாக்கம் அளவுக்கு இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஜெபாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. "எங்க குவார்ட்டர்ஸ் கிரவுண்டு அளவுகூட இல்லண்ணே."

பரந்தாமன் பார்த்துக்கொண்டே இருந்தார். பனைமரம் இல்லை, காக்காய் இல்லை, பஸ் இல்லை. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் பரவி, மெல்ல மெல்ல வானத்தின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அவர் மைதானத்தை விட இது எவ்வளவோ சின்னது. இதில் யாரோ நிற்க முடியும் என்பதை அவர் முதல் தடவையாக நம்பினார்.

"இந்தப் பொண்ணுக்குப் புதுசா தைக்கணும்," என்றார். "முட்டி போடச் சொல்லுமா. எந்தக் காலு மொதல்ல உழுதுன்னு பாக்கணும். அதுக்குத் தக்கன திண்டு வைக்கணும்."

ஜெபா சொன்னாள். உறைந்து முடிந்த பக்கமாக டிஸ்கிட் போய் நின்றாள். தோளைத் தளர்த்தினாள். விழுந்தாள். அதே மூச்சில் எழுந்தாள். தரையைத் தொட்டாளா என்றே சந்தேகமாக இருந்தது.

ஜெபா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கை தன் வலது முழங்காலைப் பிடித்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணா விழுதுண்ணே," என்றாள். "எனக்கு நல்லா இருந்த காலத்துல கூட இவ்வளவு வேகம் இல்ல. பெஞ்சுல உக்கார வச்சிருந்தேன் இவளை."

பரந்தாமன் சாக்பீஸை எடுத்தார்.

"இன்னொரு தடவை," என்றாள் ஜெபா போனில், இந்தியில். அந்தப் பெண் விழுந்து எழுந்தாள். "இன்னொரு தடவை." மறுபடியும் விழுந்து எழுந்தாள். "இன்னொரு தடவை."

பரந்தாமனுக்கு வேண்டிய அளவு முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.